வாரம் ஒரு மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி: மருந்துக்கடையில் உங்களுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

கேள்வி இது: "அம்மாவுக்கு 58 வயது. சரவாங்கி (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டு நோய்) என்று மதுரையில் ருமட்டாலஜிஸ்ட் சொல்லிவிட்டார். மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. மாத்திரை, ஃபோலிக் ஆசிட், அடாலிமுமாப் ஊசி மூன்றும் எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் மெடிக்கலில் வாங்கினோம். மாத்திரைக் கவரில் 'இரவு 1' என்று டிக் போட்டுக் கொடுத்தார்கள். ஊசியை ஃபிரிட்ஜில் வையுங்கள் என்றார்கள். அவ்வளவுதான். ஊசியின் விலையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. இந்த மாதிரி மருந்துகளுக்குக் கடையில் விளக்கம் சொல்ல வேண்டாமா, இல்லை அது டாக்டர் வேலையா?"

முதலில் அந்தக் கவரை எடுத்து 'இரவு 1' என்பதை அடித்துவிடுங்கள். "வாரத்தில் ஒரே நாள்" என்று பேனாவால் பெரிதாக எழுதி, எந்தக் கிழமை என்பதையும் எழுதுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். டாக்டர் சீட்டிலும் வாரம் ஒருமுறை என்றுதான் இருக்கும். எழுத்து புரியவில்லை என்றால் கிளினிக்குக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சரவாங்கிக்கு மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிடும் முறையே கிடையாது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஒருவேளை அம்மா ஏற்கெனவே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லூகோவோரின் என்று முறிவு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

இனி உங்கள் கேள்வி. ஆமாம், சொல்ல வேண்டியது கடையில் இருக்கும் ஃபார்மசிஸ்ட்டின் வேலைதான். நானும் அந்த வேலை பார்ப்பவள்தான், கொங்குப் பக்கம் ஒரு சின்ன ஊர் மெடிக்கலில். மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு நோயாளிக்கு அதை விளக்குவதும் எங்கள் கடமை என்று 2015-ல் வந்த ஃபார்மசி பிராக்டிஸ் ரெகுலேஷன்ஸ் எழுத்திலேயே சொல்கிறது. டாக்டர் சொல்லியிருக்க மாட்டார் என்றில்லை. சொல்லியிருப்பார். ஆனால் "இது வாழ்நாள் முழுக்க இருக்கும் நோய்" என்று கேட்ட அதிர்ச்சியில் உட்கார்ந்திருப்பவர் காதில் அதற்குப் பிறகு சொன்னது எதுவும் ஏறியிருக்காது. அந்த டாக்டரை அடுத்துப் பார்க்க மூன்று மாதம் ஆகும். மெடிக்கல் தெருமுனையில் இருக்கிறது. மருந்து வீட்டுக்குள் போவதற்கு முன்னால் படித்த ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் கடைசி இடமும் அதுதான்.

ஆனால் நீங்கள் பயப்படும் இடம்தான் தப்பு. பல ஆயிரம் ரூபாய் ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். சில ரூபாய் மாத்திரையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறீர்கள். கடைக்காரர்களும் அப்படித்தான்: ஊசிக்கு ஐஸ் பாக்ஸ், பில், கையெழுத்து என்று ஏக மரியாதை, மாத்திரைக்கு ஒரு டிக். அமெரிக்காவிலும் 'ஸ்பெஷாலிட்டி மருந்து' என்று பிரிப்பதற்கு விலைதான் முக்கிய அளவுகோல். அங்கே மெடிக்கேர் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் 2024-ல் மாதம் 950 டாலருக்கு மேல் போன மருந்துதான் அந்தப் பிரிவில் வந்தது. அந்தக் கணக்கில் மெத்தோட்ரெக்சேட் கிட்டக்கூட வராது. ஆனால் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் மிக அதிகமாக விளக்கம் தேவைப்படுவது அதற்குத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஊர் மாத்திரைக் கவரைக் கவனித்திருப்பீர்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். கீழே சாப்பாட்டுக்கு முன், பின். சர்க்கரை, பிரஷர், காய்ச்சல், எல்லாவற்றுக்கும் இது போதும். வாரம் ஒருமுறை மருந்துக்கு அதில் இடமே கிடையாது. ஏழு மணிக் கூட்டத்தில் நிற்கும் கடைப் பையன் எந்தக் கட்டம் இருக்கிறதோ அதில் டிக் அடிக்கிறான். வீட்டில் மருமகளோ பேரனோ சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து இதையும் தினம் ஒன்று எடுத்து வைக்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் தப்பு நடந்துவிடுகிறது.

இதில் இன்னொரு சிக்கல். மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் ஆசிட்டும் மூலப்பொருளே மஞ்சள் நிறம். மாத்திரைகளும் பெரும்பாலும் சின்னதாக, மஞ்சளாக, ஒன்று போலவே இருக்கும். பெயரும் வில்லங்கம்: ஃபோலிட்ராக்ஸ் என்றால் மெத்தோட்ரெக்சேட், ஃபோல்வைட் என்றால் ஃபோலிக் ஆசிட். சீட்டில் கிறுக்கலாக 'ஃபோலி...' என்று ஆரம்பித்தால் எது என்று மூன்று முறை பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எழுதுவது ஃபோலிக் ஆசிட். அவர்கள் கைக்குப் போகவே கூடாத மருந்து மெத்தோட்ரெக்சேட். இந்த இரண்டும் ஒரே ரேக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அகர வரிசைப்படி அடுக்கினால் அப்படித்தான் வரும். எங்கள் கடையில் மெத்தோட்ரெக்சேட்டைத் தனி டப்பாவில், மேல் தட்டில் வைத்திருக்கிறோம். எடுக்க ஸ்டூல் போட வேண்டும். அந்த அரை நிமிடம் யோசிக்கட்டும் என்றுதான்.

(இரண்டுக்கும் உறவு உண்டு. மெத்தோட்ரெக்சேட் வேலை செய்வதே ஃபோலிக் ஆசிட்டின் வேலையைத் தடுத்துத்தான். 1940-களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் ஆசிட்டை உருவாக்கி, அதற்கு எதிரான மருந்துகளையும் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நம் பக்கத்து ஆளின் மருந்தை நாமே இப்படி எழுதிக் கொடுக்கிறோம்.)

சரி, கடையில் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்? பட்டியல் வாசிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பதுதான் ஒரே வழி. எங்கள் கவுன்டரில் ஓர் அம்மாவோடு நடந்த பேச்சு கிட்டத்தட்ட இப்படி:

"இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தானுங்கம்மா. உங்களுக்கு எந்தக் கிழமை தோதுப்படும்?"

"வெள்ளிக்கிழமை கண்ணு. அன்னைக்கு விளக்கு வைப்பேன், மறக்காது."

"சரிங்க, வெள்ளி ராத்திரி சாப்பிட்டுட்டு இது. சனிக்கிழமை இந்த ஃபோலிக் ஆசிட். இப்ப நீங்க சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை எதைச் சாப்பிடுவீங்க?"

"மஞ்ச மாத்திரை ஒண்ணு."

"எந்த மஞ்சள்ங்கம்மா?"

அந்த அம்மா இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டுமே கிடையாது என்பதுதான் சரியான பதில். அங்கேதான் விஷயம் இருக்கிறது. "புரிஞ்சுதாங்க?" என்று கேட்டிருந்தால் "புரிஞ்சுது கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நம் ஊரில் புரியவில்லை என்று யாரும் சொல்வதில்லை, மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டதால்தான் குழப்பம் வெளியே வந்தது. அப்புறம் மெத்தோட்ரெக்சேட் அட்டையின் பின்னால் மார்க்கரில் 'வெள்ளி' என்று எழுதி, ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தோம். வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமைத் தாள்களில் மட்டும் மகளை விட்டு வட்டம் போடச் சொன்னேன். தாளைக் கிழிப்பதற்கு முன் மாத்திரை.

ஃபோலிக் ஆசிட் எந்த நாள் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும். சிலர் மறுநாள் ஒன்று என்பார்கள், சிலர் மெத்தோட்ரெக்சேட் நாளைத் தவிர மற்ற நாள்களில் என்பார்கள். உங்கள் சீட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள். பக்கத்து வீட்டுச் சீட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மாத்திரையின் மில்லிகிராமையும் பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் நம் நாட்டில் 2.5, 5, 7.5, 10, 15 என்று பல அளவுகளில் கிடைக்கிறது. ஒரு மாதம் 7.5 மி.கி.யில் இரண்டு மாத்திரை சாப்பிட்டவருக்கு அடுத்த மாதம் 15 மி.கி. அட்டையைக் கொடுத்துவிட்டு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால், பழக்கத்தில் இரண்டையே சாப்பிடுவார், அளவு இரட்டிப்பாகிவிடும். இதனால்தான் இங்கிலாந்தில் 2.5 மி.கி. மாத்திரையை மட்டுமே கொடுக்கும்படி வலியுறுத்துகிறார்கள். இங்கே அப்படி இல்லை. எனவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பழைய காலி அட்டையைக் கையோடு கொண்டுபோய்ப் புதியதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். அட்டையைக் கத்தரித்துப் பாதி கொடுத்தால் வாங்காதீர்கள். வெட்டிய துண்டில் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது.

வலி அதிகமாக இருக்கிறதே என்று அம்மா நடுவில் ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. இது வலி மாத்திரை இல்லை என்பதை அம்மாவிடம் நேராகச் சொல்லுங்கள். பலன் தெரியவே ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். இதைச் சொல்லாமல் விட்டால் ஒன்று, கூடுதலாகச் சாப்பிடுவார்கள், இல்லை "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு பயம் கூகுளிலிருந்து வரும். பெயரைத் தேடினால் "புற்றுநோய் மருந்து" என்று வரும். வீட்டில் அழுகை ஆரம்பிக்கும், டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகம் வரும். உண்மைதான், புற்றுநோய்க்கும் இதே மருந்து உண்டு. ஆனால் அங்கே சில வகைகளுக்குக் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள், இங்கே வாரத்துக்கு 7.5-லிருந்து 25 மில்லிகிராம் வரைதான். சரவாங்கிக்கு அமெரிக்காவில் 1988-லேயே அனுமதி பெற்ற மருந்து. உலகம் முழுக்க இன்றும் டாக்டர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். இதை ஃபார்மசிஸ்ட் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் கூகுள் பயமுறுத்தாது. நாங்கள் சொல்லாமல் விட்டு நோயாளி தானே கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு நாங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். மெத்தோட்ரெக்சேட் அளவு மீறினால் முதலில் தெரியும் அறிகுறிகளில் ஒன்று வாய்ப்புண். நம் வீடுகளில் வாய்ப்புண் என்றால் உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரை, இளநீர், தேங்காய்ப்பால், அப்புறம் மெடிக்கலில் ஒரு ஜெல், ஒரு பி காம்ப்ளெக்ஸ். ஒரு வாரம் இப்படியே போய்விடும். அதற்குள் வெள்ளை அணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்திருக்கும். எனவே அம்மாவுக்கு வாய்ப்புண், தொண்டை வலி, காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் கன்றிப்போன தடம், புதிதாக வறட்டு இருமல் அல்லது மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மணத்தக்காளி நல்லதுதான், அது பாட்டுக்குச் சாப்பிடட்டும். ஆனால் போன் முதலில். சக ஃபார்மசிஸ்ட்டுகளுக்கும் ஒரு வார்த்தை: வாய்ப்புண் ஜெல் கேட்டு வரும் ஐம்பது வயதுக்காரரிடம் "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஜெல்லை எடுங்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி வந்து உடம்பில் நீர் வற்றினாலும் இதே விதிதான். மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. அது தளர்ந்தால் மருந்து உள்ளே தங்கிவிடும். சித்திரை வெயிலில் இதை மறக்காதீர்கள்.

நீர்க்கடுப்பு என்று மெடிக்கலுக்குப் போனால் சில இடங்களில் சீட்டில்லாமலே செப்ட்ரான், பாக்ட்ரிம் வகை மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். அதில் இருக்கும் டிரைமெத்தோபிரிமும் சல்பாவும் மெத்தோட்ரெக்சேட்டோடு சேரவே கூடாது. எலும்பு மஜ்ஜை மோசமாகப் பாதிக்கப்படும். இதை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அம்மாவின் பர்ஸில் வைத்துவிடலாம். "உடம்பு வலிக்கு ஒரு வேளைக்குக் குடுங்க" என்று பெயர் தெரியாத நாலு மாத்திரையைப் பொட்டலமாக வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வலி மாத்திரை வேண்டுமானால் எது, எவ்வளவு என்று அதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்து சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டப்போவதில்லை, திட்டினால் அது அவர்கள் பிழை. சீந்தில் கஷாயம் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததாகக் கொரோனா காலத்தில் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்தச் சண்டை எப்படியோ போகட்டும். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைச் சோதிக்கும் மருந்து. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறினால் எதனால் என்று கண்டுபிடிக்கவாவது டாக்டருக்கு முழுக் கணக்கும் தெரிய வேண்டும். மது கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சரவாங்கி பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, முப்பது வயதிலும் வருகிறது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும்போது கரு உண்டானால் கருச்சிதைவோ குழந்தைக்குப் பிறவிக் குறையோ வரலாம். குழந்தை வேண்டும் என்றால் பல மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். ஆனால் பத்துப் பேர் நிற்கும் கவுன்டரில், ஆண்கள் மட்டும் வேலை பார்க்கும் கடையில், புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் இதை யார் கேட்பது? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சீட்டைக் கொண்டு வருவதும் அந்தப் பெண்ணாக இருக்காது, அவள் கணவனோ அப்பாவோதான் வருவார். நான் செய்வது, "மருந்து சாப்பிடறவங்க எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க" என்று பில்லின் மேல் நம்பர் எழுதிக் கொடுப்பது. போனில் அவர்கள் தாராளமாகப் பேசுகிறார்கள். உங்கள் வீட்டில் மருமகளோ தங்கையோ கர்ப்பமாக இருந்தால், உடைந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை அவர் கையால் தொட வேண்டாம்.

இனி ஊசி. அடாலிமுமாப் 2002 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அதற்கு ஈடாக வேறு நிறுவனம் தயாரிக்கும் மருந்தை (பயோசிமிலர் என்பார்கள்) உலகிலேயே முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்திய நிறுவனம்தான், 2014 டிசம்பரில். அப்போது ஒரு குப்பி சுமார் 200 டாலர், அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு இங்கே பல நிறுவனங்கள் வந்துவிட்டன. சரவாங்கிக்கு வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி., தோலுக்கு அடியில்.

இதில் கடையில் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி ஃபிரிட்ஜைப் பற்றியது இல்லை. "டி.பி. டெஸ்ட் எடுத்தாங்களா?" என்பதுதான். நம் நாட்டில் ஏராளமானவர்களின் உடம்பில் டி.பி. கிருமி எந்தத் தொல்லையும் தராமல் அடங்கிக் கிடக்கிறது, பாம்பைப் பானைக்குள் போட்டு மூடி வைத்தது போல. அந்த மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பவற்றில் ஒன்று டி.என்.எஃப். என்ற புரதம். இந்த ஊசி தடுப்பதும் அதே டி.என்.எஃப்.-ஐத்தான். அதனால்தான் ஊசிக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரே, தோல் அல்லது ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி பரிசோதனை எல்லாம் எடுக்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு எடுத்திருப்பார்கள். ரிப்போர்ட் ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் முதல் ஊசிக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். "எங்க வீட்ல யாருக்கும் டி.பி. கிடையாது" என்று கோபப்படுபவர்கள் உண்டு. இதில் அவமானம் ஒன்றும் இல்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இருமினாலும் கிருமி வரும். ஊசி ஆரம்பித்த பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, கழுத்தில் கட்டி எது வந்தாலும் சொல்லுங்கள். இந்த ஊசி போடுபவர்களுக்கு டி.பி. நுரையீரலுக்கு வெளியேயும் வரலாம், அதனால் இருமல் இல்லாமலும் இருக்கலாம். காய்ச்சல் இருக்கும் நாளில் ஊசி போடாதீர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஃபிரிட்ஜ் விஷயம் எளிதுதான், ஆனால் தப்பு நடப்பதும் அதில்தான். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். எல்லோரும் சூடுபட்டுக் கெட்டுவிடும் என்றுதான் பயப்படுகிறார்கள். உறைந்தாலும் இது கெட்டுவிடும், உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருக்கலாம். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டியின் மேல் நேராக ஊசியை வைத்துக் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். நடுவில் துணியோ மடித்த பேப்பரோ வேண்டும். வீட்டில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் என்றால் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் வைக்க வேண்டாம், பின் சுவரை ஒட்டியும் வேண்டாம், அடிக்கடி திறக்கும் கதவிலும் வேண்டாம். நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடு, ஒரு டப்பாவுக்குள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். சில நிறுவனங்களின் தாளில் 25 டிகிரிக்குள் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்று இருக்கும். ஏசி இல்லாத நம் வீட்டில் எந்த அறை 25 டிகிரி? அந்தச் சலுகை நமக்கில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போடும் நாளில் அரை மணி முன்பு வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும். வெந்நீரில் போடாதீர்கள். தொடை, இல்லை தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிறு, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி. போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். முதல் ஊசியை மருத்துவமனையில் நர்ஸ் முன்னால் நீங்களே போட்டுப் பார்ப்பது நல்லது. முடிந்த ஊசியைக் கனமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுங்கள். குப்பையில் போட்டால் குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில்.

அப்புறம் பணம். இதைப் பற்றி டாக்டரிடம் யாரும் பேசுவதில்லை, எங்களுக்குத்தான் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று எழுதியதை மாதம் ஒன்றாக நீட்டிக்கொள்கிறார்கள். டாக்டரிடம் "ஒழுங்காப் போட்டுக்கறோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். மூட்டு வீக்கம் குறையாததைப் பார்த்து டாக்டர் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து வேறொன்றுக்கு, சில சமயம் இன்னும் விலை கூடியதற்கு, மாற்றுகிறார். கடை பில் தேதியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இப்படி ஒரு நிலை வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இடைவெளியை எப்படி மாற்றுவது என்று அவர் முடிவு செய்யட்டும். விலை குறைந்த வேறு நிறுவனத்தின் ஊசி இருக்கும். டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகள் நம் நாட்டில் ஜெனரிக்காக வந்துவிட்டன, அவற்றுக்கும் தனி எச்சரிக்கைகள் உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. காப்பீட்டில் எது கிடைக்கும் என்று அங்கே கேட்கலாம்.

இவ்வளவையும் ஒரே நாளில் கவுன்டரில் சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. முதல் நாள் மூன்று விஷயம்: எந்தக் கிழமை, எந்த அறிகுறிக்கு நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும், எந்த மருந்தோடு சேரக்கூடாது. மீதி அடுத்த வாரம் போனில். இங்கிலாந்தில் 2011-லிருந்து சில நோய்களுக்குப் புதிதாக மருந்து தொடங்குபவர்களைக் கடை ஃபார்மசிஸ்ட் ஓரிரு வாரத்தில் கூப்பிட்டுப் பேசி, அப்புறம் இன்னொருமுறையும் பேசுவார். அதற்கு அரசு தனியாகப் பணம் கொடுக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு பைசா கிடையாது. பேசும் ஐந்து நிமிடத்தில் நாலு பில் போடலாம் என்று முதலாளி நினைப்பார். சில கடைகளில் சுவரில் ஃபார்மசிஸ்ட் சர்டிபிகேட் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். இதெல்லாம் ஊரறிந்த விஷயம்.

அதனால் நீங்கள்தான் கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டும். சாயங்காலக் கூட்டத்தில் போகாமல் காலை பதினொரு மணி, மதியம் மூன்று மணி போலப் போங்கள். "ஃபார்மசிஸ்ட் இருக்காங்களா? இந்த மருந்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்று கேளுங்கள். இல்லை என்றால் எப்போது வருவார் என்று கேளுங்கள். இரண்டு முறை போயும் ஆள் இல்லை என்றால் கடையை மாற்றுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், இந்த இரண்டையும் ஒரே கடையில், ஒரே ஆளிடம் வாங்குங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் ஒவ்வொரு முறையும் காட்டுங்கள். ரிப்போர்ட்டைக் கேட்காமல் மூன்றாவது மாதமும் மெத்தோட்ரெக்சேட் கொடுக்கும் கடை எனக்குப் பிடிக்காது. ஏதாவது பக்கவிளைவு வந்தால் டாக்டரிடம் சொன்ன பிறகு 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் பதிவு செய்யலாம். மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் எண் அது, நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே கூப்பிடலாம், தமிழிலும் படிவம் இருக்கிறது. கூப்பிடும்போது மருந்தின் பேட்ச் எண்ணைக் கேட்பார்கள். அதனால் ஊசிப் பெட்டியின் மேலட்டையையும் காலி மாத்திரை அட்டையையும் அடுத்த முறை வாங்கும் வரை தூக்கிப் போடாதீர்கள்.